நாவுலையில் இளைப்பாறிய வண்டி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளையைக் கடந்து தம்புள்ளையை அடைவதற்கு முன்னர், நாவுல என்றொரு சிற்றூர் உண்டு. வீதியின் இரு மருங்கிலும் கடைகள். நடுவே ஒரு சந்தி. அந்தச் சந்தியிலிருந்து எலஹெர நோக்கிப் பிரியும் ஒரு கிளை வீதி. சுற்றிலும் மலைகளும் பச்சை மரங்களும். விரைந்து செல்லும் பிரயாணிகளின் கண்ணில் அவ்வூர் பெரும்பாலும் படுவதேயில்லை. பல ஆண்டுகளாக அவ்வழியே போய்வந்த நாங்களும் பெயர்ப்பலகையில் மாத்திரமே அதனை அறிந்திருந்தோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு நாள், எதிர்பாராத வகையில், அவ்வூரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தது. எங்களை அங்கே தங்க வைத்தது எங்களுடைய காரே.

அந்தப் பிரயாணத்துக்கு ஒரு காரணம் நல்லூர்க் கந்தனின் தரிசனம். மற்றொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் காரை விற்பதற்காகவே கொண்டு போனோம்.

அதனைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. இடைப்பட்ட காலத்தில், நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. எங்கள் சேமிப்பில் பெரும் பகுதியைக் கொடுத்து அந்தக் காலத்தில் வாங்கிய வண்டி அது. அதன் கியர்பெட்டி ‘இரட்டைக் கிளச்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. வாங்கும்போது அப்பெயரின் பொருளை நாங்கள் விசாரிக்கவில்லை. இடது காலுக்கு வேலையில்லை என்பதே போதுமாயிருந்தது.

சில மாதங்களாக வண்டி புறப்படும்போது இலேசாக நடுங்கத் தொடங்கியது. எப்போதும் அன்று, வெயில் நேரத்தில், நெரிசலில் சிறிது தூரம் ஊர்ந்த பிறகு மாத்திரம். அயலார் பயமுறுத்தினார்கள். “இரட்டைக் கிளச்சா? கெடுவதற்கு முன்னே தள்ளி விடுங்கள்,” என்றார் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்த தம்பி, சாவகச்சேரிப் பக்கத்து இளம் ஆசிரியர் ஒருவரைப் பேசி வைத்திருந்தான். விலையும் தீர்ந்துவிட்டது. தீராதிருந்தது ஒன்றே: அந்த நடுக்கத்தைப் பற்றி அவரிடம் சொல்வதா, விடுவதா? கடன் வாங்கி எங்கள் காரை வாங்கவிருந்தவர் அவர். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அதைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது, பதில் எழவில்லை.

முன்னோர் நடந்த வழி

காலை ஏழு மணிக்குக் கண்டியிலிருந்து கிளம்பினோம். கணவன் மனைவியாகிய நாங்கள் இருவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மகள், எண்பது வயதை எட்டிவிட்ட அம்மா ஆக நால்வர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதும் அக்குறணையில் வழக்கமான நெரிசல். நத்தையைப் போல் ஊர்ந்து ஊர்ந்து அதனைக் கடந்தோம். பின்னர் பலக்கடுவக் கணவாய். வளைந்து வளைந்து ஏறி இறங்கும் அவ்வீதியில், முன்னே ஒரு பாரவண்டி மூச்சு வாங்கிக்கொண்டு சென்றது. அதன் பின்னே நாங்களும் அதே வேகத்தில் ஏறினோம். வண்டி ஒரு முறை நடுங்கிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாத்தளையில் முத்துமாரியம்மனை வணங்கிக்கொண்டு மேலே சென்றோம். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வலம் வரும் அந்தக் கோயில், தோட்டத் தொழிலாளர் மரபோடு பிணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். குளிர்காற்று வீசும் காரில் அமர்ந்து, ஒரு சிறு நடுக்கத்துக்காகக் கவலைப்பட்டபடி நாங்கள் சென்றது அதே வழியில்தான். அம்மா அதனை நினைவூட்டியபோது எங்களுக்குச் சற்று வெட்கமாயிருந்தது.

அளுவிகாரையையும் வாசனைத் திரவியத் தோட்டங்களையும் கடந்து நாலந்தாவில் இறங்கினோம். அங்குள்ள ‘கெடிகே’ என்னும் கற்கட்டடத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் அது, பௌத்தப் படிம இல்லம். எனினும் அதன் அமைப்போ மாமல்லபுரத்துக் கற்கோயில்களை நினைவூட்டும் திராவிட அமைப்பு. நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்பட்டபோது, நீரில் மூழ்காதிருக்கும்பொருட்டு, 1970களில் கல் கல்லாக இலக்கமிட்டுக் கழற்றி, உயரமான இடத்தில் மீண்டும் பூட்டினார்கள். 1980 இல் அந்த வேலை முடிந்தது. ஆயிரம் ஆண்டு பழைய கட்டடத்தை வரிசை தவறாமல் கழற்றிப் பூட்டிய கைகளை எண்ணி வியந்தபடி காருக்குத் திரும்பினோம். கழற்றிப் பூட்டும் வேலையைப் பற்றி அன்றைக்கு இன்னும் கேட்கவிருக்கிறோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஏற்றத்தில் ஒரு சிவப்பு விளக்கு

நாவுலச் சந்தியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. “இவ்வளவு தூரம் வந்தோம், போவத்தென்ன நீர்த்தேக்கத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்,” என்றாள் மகள். கிளை வீதியில் திரும்பினோம்.

சிறிது தூரம் சென்றதும் ஓர் ஏற்றம். முன்னே வைக்கோல் ஏற்றிய இருசக்கர உழவு இயந்திரம் ஒன்று ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வீதி ஒடுக்கம்; முந்திச் செல்ல வழியில்லை. அது நின்றபோது நின்றோம், நகர்ந்தபோது நகர்ந்தோம். நிற்கும்போது பிரேக்கை மிதிக்கவில்லை. வலது காலால் முடுக்கியை இலேசாக அழுத்தி, வண்டி பின்னுக்கு உருளாமல் ஏற்றத்திலேயே தாங்கிப் பிடித்திருந்தோம். அது சாமர்த்தியம் என்றே நெடுங்காலமாக எண்ணியிருந்தோம்.

ஐந்தாறு நிமிடம் இப்படிச் சென்றிருக்கும். வண்டி உதறிற்று, எரிந்த வாடை ஒன்று மூக்கில் ஏறிற்று, கியர்பெட்டி சூடேறிவிட்டது என்று முகப்பில் சிவப்பு எழுத்துத் தோன்றியது. அம்மா “முருகா!” என்றார். ஓரமாக நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி இறங்கினோம்.

அருகிலிருந்த கடைக்காரப் பெண்மணி, நாங்கள் கேளாமலே அம்மாவுக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எங்கள் சிங்களம் அரைகுறை; அவருடைய தமிழும் அப்படியே. ஆயினும் காரியம் நடந்தது. அவர் யாருக்கோ தொலைபேசியில் சொல்ல, கால்மணி நேரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர். சந்திக்கு அப்பால் சிறு கராஜ் வைத்திருப்பவர். தமிழ் கேட்டதும் எங்களுக்குப் பாதிச் சுமை இறங்கியது.

“என்ன நானா, பெரிய வருத்தமா?” என்று கேட்டோம்.

அவர் பொனற்றைத் திறக்கவுமில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. வாடையை ஒரு முறை உறிஞ்சினார். “வருத்தமில்லை, ஐயா, களைப்பு. ஏற்றத்தில் பிரேக்கில் கால் வைக்காமல் பிடித்திருந்தீர்களா?” என்றார்.

கண்ணால் கண்டவரைப் போல் கேட்டார். ஒப்புக்கொண்டோம்.

“கியரை ‘பி’யில் போட்டுவிட்டு இருங்கள். ஆறட்டும். இன்றைக்கு இதற்கு வைத்தியம் அவ்வளவுதான்.”

இரண்டு உலக்கை, ஓர் உரல்

ஆறும் வரையில் தேநீர் வந்தது. இரட்டைக் கிளச் என்பது யாது என்று அம்மா கேட்க, மகள் விளக்கத் தொடங்கினாள்.

சாதாரணக் கையியக்க வண்டியில் கிளச் ஒன்றே. அது யந்திரத்தையும் கியர்பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். கியர் மாற்றும்போது காலால் மிதித்து அந்தப் பிடியை விடுவிக்கிறோம். மாற்றிய பின் மீண்டும் பிடிக்க விடுகிறோம். அந்தச் சிறு இடைவேளையில் சக்கரங்களுக்கு யந்திரத்தின் பலம் கிட்டாது. இரட்டைக் கிளச் வண்டியில் இரண்டு கிளச்கள், இரண்டு தண்டுகள். ஒரு தண்டில் 1, 3, 5, 7 ஆகிய ஒற்றை எண் கியர்கள். மற்றதில் 2, 4, 6 ஆகிய இரட்டை எண் கியர்கள். வண்டி மூன்றாம் கியரில் ஓடும்போதே, மற்றத் தண்டில் நான்காம் கியர் கோத்து ஆயத்தமாயிருக்கும். வேளை வந்ததும் ஒரு கிளச் விட, மறு கிளச் பிடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றம் நிகழ்ந்துவிடும், பலம் அறுபடாது. மிதிப்பதையும் மாற்றுவதையும் கணினிமூளை ஒன்றே பார்த்துக்கொள்ளும்.

அம்மா சற்று யோசித்தார். “ஒரே உரலில் இரண்டு பேர் நெல் குத்துவது மாதிரி என்று சொல். ஒருத்தியின் உலக்கை விழுகிறபோது மற்றவளுடையது மேலே நிற்கும்.”

“அதேதான், அப்பம்மா!” என்றாள் மகள்.

“இரண்டு உலக்கையும் தாளம் பிசகினால்?”

நானா சிரித்துவிட்டார். “அங்கேதான் எங்களுக்கு வேலை வருகிறது, அம்மா,” என்றார்.

பிறகு அவரே மீதியை விளக்கினார். பழைய தன்னியக்க வண்டிகளில் யந்திரத்துக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த ஒரு சுழலி இருக்கும். நெரிசலில் வண்டி ஊரும்போது வழுக்குவது அந்த எண்ணெயே, அதற்குத் தேய்மானமில்லை. இரட்டைக் கிளச்சில் அந்தச் சுழலி கிடையாது. மெல்ல ஊர வேண்டுமென்றால் கிளச் தட்டு பாதி பிடித்துப் பாதி வழுக்க வேண்டும். ஓட்டுநர்கள் ‘அரைக் கிளச்’ என்பார்களே, அதே நிலை. கையியக்க வண்டியில் அரைக் கிளச்சில் நிற்கும்போது நம் கால் நோகும், நிறுத்திவிடுவோம். இங்கே கால் நோவதில்லை. தட்டு மாத்திரமே எரிகிறது. உள்ளே நடப்பது ஓட்டுபவருக்குத் தெரிவதேயில்லை.

இதிலும் இரு சாதி உண்டு. தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பது ‘ஈரக் கிளச்’. காற்றில் நிற்பது ‘உலர் கிளச்’. ஈர வகையில் எண்ணெய் சூட்டைச் சுமந்து செல்லும். ஆகவே பாரமான, வலிமைமிக்க வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும். உலர் வகை எடை குறைந்தது. எரிபொருளை மிச்சம் பிடிப்பது. சிறு குடும்பக் கார்களில் பெரும்பாலும் காணப்படுவது. ஊர்ந்து ஊர்ந்து ஏறிய சூடு மாத்திரம் அதிலிருந்து எளிதில் இறங்காது. எங்களுடைய வண்டி இந்த இரண்டாம் சாதி.

பந்தயத்திலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு

இந்த யோசனை புதியதன்று. அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1939 ஆம் ஆண்டளவிலேயே இதனை வகுத்தார். முன்னர் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸின் மோட்டார் வண்டிகளைப் பராமரித்தவர் அவர். ஆனால் இரண்டு கிளச்களையும் தாளம் தவறாமல் இயக்கவல்ல மூளை அக்காலத்தில் இல்லை. 1980களில் மின்னணுக் கருவிகள் வந்த பிறகு, போர்ஷே, அவுடி நிறுவனங்களின் பந்தய வண்டிகளில் இது உயிர் பெற்றது. பந்தயத்தில் ஓட்டுநர் நெரிசலில் ஊர்வதில்லை. ஆதலால் அரைக் கிளச்சின் தொல்லையும் அங்கே பெரிதாகத் தெரியவில்லை. 2003 இல் வொக்ஸ்வேகன் நிறுவனம் கோல்ஃப் வண்டியில் இதனைப் பொருத்திப் பொதுமக்களின் வீதிக்குக் கொண்டுவந்தது. பந்தயக் குதிரையைப் பள்ளிக்கூட வாசலுக்குப் பிள்ளை ஏற்ற அனுப்பிய கதை அங்கிருந்து தொடங்குகிறது.

வெப்பமும் ஈரப்பதமும் நெரிசலும் சேர்ந்த நாடுகளில் அந்தக் குதிரை தடுமாறியது. 2013 மார்ச்சில் சீனாவில் மூன்று இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை வொக்ஸ்வேகன் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், உலகெங்கும் சுமார் 16 இலட்சம் வண்டிகளின் கியர்பெட்டி எண்ணெயை மாற்றித் தருவதாக அறிவித்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில், முன்னிருந்த செயற்கை எண்ணெய் தொல்லை தரக்கூடும் என்பது காரணம்.

நம் நாட்டு வீதிகளில் இவ்வகையை அதிகம் கொண்டுவந்தவை ஜப்பானிய ஹொண்டா வண்டிகளே. 2013 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஃபிட் ஹைபிரிட்டும், அவ்வாண்டு இறுதியில் வந்த வெசலும், 2014 இறுதியில் வந்த கிரேஸும் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் முறையில் அமைந்தவை. இலங்கைக் குடும்பங்கள் அவற்றை விரும்பி வாங்கின. 2014 பெப்ரவரியில் ஜப்பானில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஃபிட், வெசல் ஹைபிரிட் வண்டிகளை, கியர்பெட்டியை ஆளும் கணினி நிரலைத் திருத்துவதற்காக அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. வேறு வேறு காரணங்களுக்காகத் திரும்ப அழைத்தல் தொடர்ந்து, அவ்வாண்டு ஒக்டோபரில் ஐந்தாம் முறையானபோது, நிறுவனத் தலைவர் தகனோபு இத்தோ தம் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதங்களுக்குக் குறைத்துக்கொண்டார். பின்னர் 2020 இல் வந்த புதிய ஃபிட்டிலும் 2021 இல் வந்த புதிய வெசலிலும் ஹொண்டா இந்த முறையைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதே வரலாறு நிகழ்ந்தது. சென்னைக்கு அண்மையில் மறைமலைநகரில் ஃபோர்ட் செய்த எக்கோஸ்போர்ட், 2013 இல் இரட்டைக் கிளச்சோடு வெளிவந்தது. 2017 இல் அதற்குப் பதிலாகப் பழைய எண்ணெய்ச் சுழலித் தன்னியக்கமே திரும்பி வந்தது. ஆயினும் முறை அழிந்துவிடவில்லை. 2019 இல் ஹுண்டாய் நிறுவனம் இந்தியாவில் வெளியிட்ட வென்யூ, ஏழு கியர் இரட்டைக் கிளச்சோடு வந்தது. தவறுகள் திருந்தத் திருந்த, யந்திரங்களும் பக்குவப்பட்டு வருகின்றன.

பழி யாருக்கு?

“அப்படியானால் குற்றமெல்லாம் ஓட்டுபவருடையதா?” என்று கேட்டோம். ஏற்றத்தில் நாங்கள் செய்த தவறு மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

மகள் அதற்கு ஒரு வழக்கைச் சொன்னாள். ஆஸ்திரேலியாவில் ஃபோர்ட் நிறுவனத்தின் இரட்டைக் கிளச் வண்டிகள் நடுங்குவதாகப் பலர் முறையிட்டார்கள். ஓட்டும் விதத்தால் வருவது என்று பல வாடிக்கையாளர்களுக்கு விடை கிடைத்தது. அந்தக் கியர்பெட்டியில் தரக் குறைபாடுகள் இருப்பதை நிறுவனம் அறிந்திருந்த காலம் அது. 2018 இல் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம், முறையீடுகளை நடத்திய விதம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது எனக் கண்டு, ஒரு கோடி ஆஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

“வண்டியில் பிழை இருந்தால் அது வெயிலிலும் காட்டும், மழையிலும் காட்டும்,” என்றார் நானா. “சூட்டில் மட்டும் காட்டினால் முதலில் காலைப் பார்க்க வேண்டும். உங்களுடையது சூட்டில் மட்டும்தானே?”

ஆமென்றோம்.

“ஆனாலும் தட்டுக் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். எவ்வளவு என்று திறந்து பார்க்காமல் சொல்லமாட்டேன்.”

அப்போது மகள், “நாளைக்கு இதை விற்கப் போகிறோம், மாமா,” என்று சொல்லிவிட்டாள்.

அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். “வாங்குகிறவருக்கு இந்த நடுக்கம் தெரியுமா?”

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தவுமில்லை, உபதேசம் செய்யவுமில்லை. “என் கராஜில் நிற்கும் வண்டிகளில் பாதி, முந்தின சொந்தக்காரர் சொல்லாமல் விட்டதால் நிற்கிறவை. முதலிலே சொல்லியிருந்தால் சின்ன வேலை; சொல்லாததால் பெரிய வேலை. எனக்குக் காசுதான். ஆனால் சாவியைத் தருகிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது,” என்றார்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தோம்.

நீர் பிரியும் இடம்

ஒரு மணி நேரத்தின் பின் சிவப்பு எழுத்து மறைந்தது. நானா வண்டியில் ஏறி, எங்களை அருகில் இருத்தி, அதே ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினார். முன்னே வாகனம் நின்றால் பிரேக்கை நன்றாக அழுத்தி நின்றார். முன்னால் இரண்டு மூன்று வண்டி நீளம் வெளி விட்ட பிறகே பிரேக்கை விட்டு, தயங்காமல் ஒரே மூச்சில் நகர்ந்தார். “ஒன்றில் முழுதாகப் பிடிக்க வேண்டும், அல்லது முழுதாக விட வேண்டும். நடுவில் தொங்க விடாதீர்கள்,” என்றார். வண்டி நடுங்கவில்லை. காசு நீட்டினோம், “வேலை ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு?” என்று மறுத்துவிட்டார். தேநீருக்கும் கடைக்காரப் பெண்மணி காசு வாங்கவில்லை.

அன்று அவரிடமிருந்தும் மகளிடமிருந்தும் அறிந்தவற்றுள், இத்தகைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவக்கூடியவற்றைத் தொகுத்துத் தருகிறோம். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம். இடம் விட்டு நின்று, சேர்ந்தாற்போல் நகருங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கையோ கைப்பிரேக்கையோ நம்புங்கள்; முடுக்கியால் தாங்க வேண்டாம். நெடுநேரம் நிற்க நேர்ந்தால் கியரை விடுவித்துவிடுங்கள். சூட்டு எச்சரிக்கை தோன்றினால் தூரம் குறைவுதானே என்று தொடராமல், வண்டியோடு வந்த கைநூல் சொல்லும் விதத்தில் ஆற விடுங்கள். எண்ணெய் மாற்றும் தவணை உங்கள் வண்டிக்கு உண்டா என்று விசாரித்து அதனைக் காப்பாற்றுங்கள். நிறுவனம் திருத்திய கணினி நிரல் உங்கள் வண்டியில் ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள். பழைய வண்டியாக வாங்குவோர் காலைக் குளிரில் மாத்திரம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாமல், நண்பகலில், நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டிய பின், ஓர் ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட்டுப் பார்ப்பது நல்லது.

பிற்பகலில் போவத்தென்னையை அடைந்தோம். மலைகளுக்கு நடுவே நீர் பரந்து கிடந்தது. மகாவலியின் நீர் இவ்விடத்துக்கு வந்து சேரும் வழியே ஓர் அதிசயம். கண்டிக்கு அண்மையில் பொல்கொல்ல அணைக்கட்டில், 1976 முதல், ஆற்றின் ஒரு பகுதியைத் திருப்பி, மலையைக் குடைந்த சுமார் எட்டுக் கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு விடுகிறார்கள். அங்கே மின்சாரம் தந்துவிட்டு, சுது கங்கை வழியாக அம்பன் கங்கையிற் கலந்து, அது போவத்தென்னைக்கு வருகிறது. இங்கே நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மற்றொரு சுரங்கத்தின் வழியே தம்புள்ளைப் பக்கம் சென்று கலாவெவ முதலிய குளங்களை நிரப்புகிறது. மறு பங்கு அம்பன் கங்கையிலேயே இறங்கி, எலஹெர வழியாக மின்னேரியாவுக்கும் பராக்கிரம சமுத்திரத்துக்கும் போகிறது. எந்த வயலுக்கு எப்போது நீர் வேண்டுமோ, அதற்கேற்பக் கதவுகளைத் திறந்தும் மூடியும் நடத்துகிறார்கள்.

“இங்கேயும் இரண்டு தண்டு,” என்றாள் மகள். அம்மா நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்,” என்றார். எந்தப் பிள்ளை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

சாவி கைமாறியது

இரவு யாழ்ப்பாணம் சேர்ந்தோம். மறுநாள் காலை அந்த இளம் ஆசிரியர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். நடுக்கம், சூடு, நாவுலையில் நின்றது ஆகிய எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னோம். அவருடைய முகம் வாடிற்று. தம்பி எங்களை முறைத்துப் பார்த்தான். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

“சோதித்துப் பார்க்கலாமா?” என்று இறுதியில் கேட்டார் ஆசிரியர்.

யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில் வண்டியைக் கணினிக் கருவியோடு இணைத்துப் பார்த்தார்கள். நண்பகல் வெயிலில் ஓட்டியும் பார்த்தார்கள். கிளச் தட்டுகள் ஓரளவு தேய்ந்திருக்கின்றன. கியர்பெட்டியில் வேறு குறையில்லை. கவனமாக ஓட்டினால் இன்னும் சில காலம் உழைக்கும். பின்னர் தட்டுகளை மாற்ற வேண்டிவரும் என்றார்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டோம். எங்களுக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் பத்திரத்தில் கையெழுத்திடும்போது அவரை நேராகப் பார்க்க முடிந்தது. ஏற்றத்தில் நிற்கும் முறையை, நாவுலையில் கற்றபடியே, அவருக்கு ஓட்டிக் காட்டினோம். திரும்பும் வழியில் நாங்கள் ரயில் ஏறினோம்.

பல மாதங்களின் பின் ஆசிரியர் குடும்பத்தோடு கண்டிக்கு வந்தார். காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்ததும் அவர் சொன்ன முதற் செய்தி இது: வரும் வழியில் நாவுலையில் இறங்கி, அந்த நானாவைத் தேடிக் கண்டுபிடித்து, தேநீர் குடித்துவிட்டு வந்தாராம். இம்முறை தேநீருக்குக் காசு கொடுத்தது தாமே என்றும் சொன்னார். அம்மாவுக்கு அதைக் கேட்டுப் பெருமகிழ்ச்சி. வாசலுக்குச் சென்று, காரின் நெற்றியை ஒரு முறை தடவிவிட்டு வந்தார்.